இதை முடிவு செய்வது யார்? இளைஞர்களைக் காலநிலை அரசியலுக்குள் கூட்டிவர ஒரு வழிகாட்டி

பதினாறு வயதுப் பிள்ளைகள் இருபது பேரை உட்காரவைத்து, காலநிலை மாற்றம் பற்றி ஒரு மணி நேரம் படம் காட்டிப் பேசிப் பாருங்கள். உருகும் பனி, மெலிந்த கரடி, மேலே ஏறிக்கொண்டே போகும் சிவப்புக் கோடு. கடைசியில் "ஏதாவது கேள்வி உண்டா?" என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பின்வரிசையில் ஒரு பையன் மணி பார்ப்பான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஸ்லைடுகளை ராத்திரி கண்விழித்துத் தயாரித்திருந்தேன் என்பது வேறு.

அதே பிள்ளைகளை இன்னொரு நாள் மதியம் ஒரு பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போய், வெப்பமானியைக் கையில் கொடுத்தேன். நிறுத்தத்துக்குக் கூரை இல்லை. பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம். கம்பத்தின் நிழல் ஒரு முழம் அகலம்கூட இருக்காது. அந்த நிழலுக்குள் ஒரு பெரியவர் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். நிழல் நகர நகர அவரும் நகர்ந்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "இங்க ஏன் கூரை இல்ல?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டு, "யார்கிட்ட கேட்கணும்?" என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் சரியாகத் தெரியவில்லை. வேலை அங்கேதான் தொடங்கியது.

இளைஞர் குழு ஒன்றை முதல் முறையாக நடத்தப்போகிற ஆசிரியருக்கும், தன்னார்வலருக்கும், தம்பி தங்கைகளைக் கூட்டி ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிற கல்லூரி மாணவருக்கும் இதை எழுதுகிறேன். வாரம் ஒரு சந்திப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதத்தில் ஒரு சுற்று முடியும்.

"அரசியலா? வேண்டாமே"

இந்தச் சொல்லைக் கேட்டதும் பெற்றோர் முகம் மாறும். கொடி, மேடை, கோஷம் என்றுதான் நினைப்பு ஓடும். எனவே முதல் நாளே உடைத்துச் சொல்லிவிடுங்கள். பொதுப்பணம் எங்கே செலவாகிறது, பொது இடம் யாருக்கு ஒதுக்கப்படுகிறது, விதியை யார் எழுதுகிறார்கள், அதில் நம் குரல் எந்த இடத்தில் நுழைய முடியும் என்பதைப் பழகிக்கொள்வதுதான் இங்கே அரசியல். கட்சிக்கு ஆள் சேர்ப்பது இந்த வேலையில் வராது. குழுவில் யாரும் எந்தக் கட்சியை விரும்பினாலும் விரும்பட்டும். சந்திப்புக்குள் எந்தக் கட்சிக்கும் ஆதரவோ எதிர்ப்போ பேசுவதில்லை என்ற விதியை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நடத்துகிற நீங்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். உங்கள் ஓட்டு யாருக்கு என்பது கடைசி நாள்வரை அவர்களுக்குத் தெரியாமலிருந்தால் நீங்கள் சரியாக நடத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

மறுபக்கம், அரசியலைத் தொடாமல் ஒதுங்கிப் போகிற ஆபத்தும் இருக்கிறது. மரம் நடுதல், பிளாஸ்டிக் பொறுக்குதல், விளக்கை அணைத்தல் எல்லாம் நல்ல காரியங்கள்தான். அதோடு நின்றுவிட்டால் பிள்ளைகள் மனதில் ஒரு தப்புக் கணக்கு பதிந்துவிடும்: எல்லாம் என் பழக்கத்தால் வந்தது, நான் திருந்தினால் சரியாகிவிடும் என்று. மின்விசிறியை அணைப்பது அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறதா, சூரிய ஒளியிலிருந்து வருகிறதா என்பது அவள் வீட்டு சுவிட்சில் இல்லை. அது எங்கோ ஒரு மேசையில் முடிவாகிறது. அந்த மேசையைக் காட்டுவதுதான் உங்கள் வேலை.

யாரைச் சேர்ப்பது

பன்னிரண்டிலிருந்து பதினெட்டுப் பேர் போதும். பதினான்கு வயதுக்கு மேல் இருந்தால் நல்லது. பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிறவர்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். "எனக்கு இதெல்லாம் போர்" என்று சொல்கிற ஒருவர் குழுவில் இருப்பது பெரிய உதவி. எது உண்மையிலேயே சுவாரசியமாக இருக்கிறது, எது இல்லை என்று அவர் முகமே சொல்லிவிடும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். வெளியே போவோம், அலுவலகங்களுக்குப் போவோம், ஒரு பொதுக் கூட்டத்தில் பேசவும் செய்வோம் என்பதையெல்லாம் அதில் மறைக்காமல் எழுதுங்கள். புகைப்படத்துக்குத் தனி ஒப்புதல். உங்களைத் தவிர இன்னொரு பெரியவர் எப்போதும் உடன் இருக்க வேண்டும்.

பெற்றோரைத் தடையாகப் பார்க்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் வட கரோலினாக் கடலோரப் பகுதியில் நடந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, பள்ளியில் காலநிலை பற்றிக் கற்ற பிள்ளைகளின் பெற்றோருக்கும் அந்த அக்கறை கூடியதைக் காட்டியது. பழமைவாதப் பெற்றோரிடம் அந்த மாற்றம் அதிகமாக இருந்தது. மகள்கள் சொன்னால் இன்னும் அதிகம். வீட்டுக்குள் நாம் நுழைய முடியாது. அவர்கள் தினமும் நுழைகிறார்கள்.

முதல் படி: வெளியே போங்கள்

இடத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று அளவுகோல்கள் உண்டு. நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகள் ஏற்கெனவே புழங்கும் இடமாக இருக்க வேண்டும். அதைப் பராமரிக்கும் பொறுப்பு ஏதாவது ஒரு பொது அமைப்பிடம் இருக்க வேண்டும். போன வெள்ளத்தின் நீர்க்கோடு படிந்த சுவராக இருக்கலாம், குப்பை கொட்டும் இடமாக இருக்கலாம், ஒரு கட்டடத்தின் மின்சாரப் பயன்பாடாக இருக்கலாம். நான் பெரும்பாலும் வெயிலை எடுப்பேன். செலவு குறைவு, எல்லாருடைய உடம்புக்கும் புரியும். குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்கள் வீடுகளிலிருந்து வெப்பம் கசிவதை எடுக்கலாம்.

வெயில் நடை இப்படிப் போகும். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஒருவர் கையில் வெப்பமானி, ஒருவர் கையில் நோட்டு, ஒருவர் கையில் போன். ஆறு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தார்ச்சாலை, புல்தரை, மரத்தடி, கூரையுள்ள நிறுத்தம், கூரையில்லாத நிறுத்தம், கட்டட வாசல். மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் போனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அளப்பதில் எல்லாரும் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. துப்பாக்கி மாதிரிப் பிடித்து அழுத்தும் அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பின் சூட்டைத்தான் காட்டும், காற்றின் வெப்பநிலையைக் காட்டாது. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால் பிறகு அவமானம்தான். பளபளக்கும் உலோகத்தின் மேல் அதைப் பிடித்தால் எண் தப்பாக, பெரும்பாலும் குறைவாக வரும். காற்றை அளக்கும் வெப்பமானியை நெஞ்சு உயரத்தில், வெயில் நேரடியாகப் படாமல் மறைத்து, மூன்று நிமிடமாவது விட்டுவிட்டுப் படிக்க வேண்டும். உணர்முனையைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பவர் தன் உடம்புச் சூட்டைத்தான் அளக்கிறார். இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஆறாம் படியில் ஓர் அதிகாரி "எப்படி அளந்தீங்க?" என்று கேட்கும்போது தெரியும்.

எண்ணோடு மனிதர்களையும் குறிக்கச் சொல்லுங்கள். இந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்? எவ்வளவு நேரம் நிற்கிறார்கள்? வெயிலைத் தவிர்க்க என்ன செய்கிறார்கள்? கம்பத்து நிழலில் நின்ற பெரியவர் எந்த வெப்பமானியிலும் பதிவாகவில்லை. அந்தப் பெண்ணின் நோட்டில் பதிவானார்.

வெப்ப எச்சரிக்கை விடுத்த நாளில் போகவே கூடாது. தண்ணீர், தொப்பி, முதலுதவிப் பை கட்டாயம். ஒருவருக்குத் தலை சுற்றினாலும் அன்றைக்கு அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நீங்கள் பேசாமலிருப்பது

எனக்கு மிகக் கஷ்டமான படி இதுதான். திரும்பி வந்ததும் விளக்கம் கொடுக்கத் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

அனுபவவழிக் கற்றல் என்றதும் பலர் வெளியே கூட்டிப்போவதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984-ல் இதை ஒரு சுழற்சியாக விவரித்தார்: ஓர் அனுபவம், அதைத் திரும்பிப் பார்த்து யோசிப்பது, அதிலிருந்து ஒரு கருத்தை உருவாக்குவது, அந்தக் கருத்தைச் செயலில் சோதிப்பது. சோதித்துப் பார்ப்பதே அடுத்த அனுபவமாகும். திரும்பிப் பார்க்காத அனுபவம் சுற்றுலாவாகத்தான் மிஞ்சும்.

அன்றைக்கே, வியர்வை காய்வதற்குள், வட்டமாக உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் தனித்தனியாக எழுதட்டும். அப்புறம் பேச்சு. நான் மூன்று கேள்விகளை வைத்திருக்கிறேன். எதைப் பார்த்தாய்? அப்போது உடம்பிலும் மனதிலும் என்ன நடந்தது? எது இன்னும் உறுத்துகிறது? "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். நாம் கேட்க ஆசைப்படுவதை அப்படியே ஒப்பித்துவிடுவார்கள். பள்ளியில் அதற்குத்தானே பயிற்சி. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். ஏழு, எட்டில் யாராவது பேசிவிடுவார்கள்.

பயமும் கோபமும் வெளியே வரும். 2021-ல் பத்து நாடுகளில், 16 முதல் 25 வயதுவரையான பத்தாயிரம் பேரிடம் நடத்திய ஆய்வில், 59 சதவீதம் பேர் காலநிலை மாற்றம் பற்றி மிகவும் அல்லது மிக மிக அதிகமாகக் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். அந்த உணர்வுகள் தங்கள் அன்றாட வாழ்வைப் பாதிப்பதாகச் சொன்னவர்கள் 45 சதவீதத்துக்கும் மேல். அரசுகள் தங்களைக் கைவிட்டுவிட்டன என்ற எண்ணம் இந்தக் கவலையோடு பின்னிக் கிடந்ததும் அந்த ஆய்வில் தெரிந்தது. எனவே "பயப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்று தட்டிக்கொடுக்க வேண்டாம். "ஆமா, பயமாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டு அடுத்தவரைப் பேசவிடுங்கள். ஒருவரின் பேச்சிலோ போக்கிலோ உங்களுக்கு உண்மையான கவலை வந்தால், வீட்டாரிடமும் மனநல ஆலோசகரிடமும் சொல்லுங்கள். குழு வட்டத்தில் அதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

மூன்றாம் படி: கொஞ்சம் அறிவியல்

அரை மணி நேரம் போதும். இப்போது கேட்பார்கள், ஏனென்றால் கேள்வி அவர்களுடையது.

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது காற்றில், சூட்டைப் பிடித்துவைக்கும் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 2011-2020 பத்தாண்டில் பூமியின் சராசரி வெப்பநிலை, 1850-1900 காலத்தைவிடச் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் அதிகம். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் நாடுகள் ஒப்புக்கொண்ட இலக்கு, உயர்வை 2 டிகிரிக்கு நன்கு கீழே நிறுத்துவது, 1.5-க்குள் வைக்க முயல்வது. அப்புறம் இரண்டு சொற்கள்: இந்த மாதிரி வாயுக்களை வெளியே விடுவதை, அதாவது உமிழ்வை, குறைப்பது தணிப்பு, வரும் பாதிப்புக்குத் தயாராவது தகவமைப்பு. இவ்வளவு தெரிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

ஓர் எச்சரிக்கை. ஒரு மதிய வெயிலைக் காட்டி "பாருங்கள், காலநிலை மாற்றம்" என்று சொல்லவிடாதீர்கள். ஒரு நாள் வெயில் வானிலை. தாரும் கான்கிரீட்டும் சூட்டைப் பிடித்துவைப்பது நகரமைப்பின் கோளாறு. பல பத்தாண்டுகளாக அடிப்படை வெப்பநிலை ஏறுவதுதான் காலநிலை மாற்றம். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துதான் அந்தப் பெரியவர் மேல் விழுகிறது. இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளையை யாரும் எளிதில் மடக்க முடியாது.

நான்காம் படி: முடிவைத் தேடிப் போவது

ஒரு பெரிய சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, நடுவில் அவர்களுடைய கேள்வியை எழுதுங்கள். எங்கள் குழுவில் அது "இந்த நிறுத்தத்துக்கு ஏன் கூரை இல்லை?" என்பது. சுற்றிலும் ஐந்து கேள்விகள்: நிலம் யாருடையது? பணம் யாருடையது? யார் கையெழுத்துப் போட வேண்டும்? யாரால் "முடியாது" என்று சொல்ல முடியும்? அடுத்த வரவுசெலவுத் திட்டம் எப்போது முடிவாகிறது?

அன்று அவர்கள் எழுதும் பதில்களில் பாதி தப்பாக இருக்கும். இருக்கட்டும். ஒரு வாரம் கொடுங்கள். இணையதளம் பார்க்கட்டும், போன் போடட்டும், இருவர் இருவராக அலுவலகத்துக்குப் போகட்டும். எங்கள் பிள்ளைகளை முதல் அலுவலகம் இரண்டாவதுக்கு அனுப்பியது, இரண்டாவது மூன்றாவதுக்கு, மூன்றாவது மறுபடி முதலாவதுக்கு. கோபத்தோடு வந்து நின்றவர்களிடம், அந்த அலைச்சலையே சார்ட்டில் அம்புக்குறியாகப் போடச் சொன்னேன். வட்டமாக வந்தது. சிரித்துவிட்டார்கள். பொறுப்பு எந்த இடத்தில் கை நழுவுகிறது என்பதை அந்த வட்டத்தைவிடத் தெளிவாக எந்த வகுப்பும் காட்டியிருக்காது.

பிறகு சார்ட்டை மேல்நோக்கி நீட்டுங்கள். நிறுத்தத்தின் கூரை உள்ளாட்சியில் முடிவாகலாம். பஸ் எவ்வளவு ஓடும் என்பது போக்குவரத்துத் துறையில். மின்சாரம் எதிலிருந்து வரும் என்பது எரிசக்தி அமைச்சகத்திலும் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணையத்திலும். நாடு எவ்வளவு உமிழ்வைக் குறைக்கும் என்று உலகத்துக்குச் சொல்லும் உறுதிமொழி அதற்கும் மேலே. ஒரு கம்பத்து நிழலிலிருந்து பாரிஸ் ஒப்பந்தம்வரை ஒரே தாளில் கோடு போய்ச் சேரும். முதன்முறை அதைப் பார்க்கும்போது குழுவில் ஒரு சின்ன அமைதி விழும்.

ஐந்தாம் படி: நடித்துப் பார்ப்பது

நிஜ மேசைக்குப் போகுமுன் பொய் மேசையில் ஒருமுறை உட்கார வேண்டும். இரண்டு விதமாகச் செய்யலாம்.

உலக அளவுக்கு, கிளைமேட் இன்டராக்டிவ் அமைப்பும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியும் உருவாக்கிய 'என்-ரோட்ஸ்' என்ற கணினி மாதிரி இணையத்தில் இலவசம். கார்பன் உமிழ்வுக்கு விலை வைத்தால், நிலக்கரியைக் குறைத்தால், காடழிப்பை நிறுத்தினால் இந்த நூற்றாண்டின் முடிவில் வெப்பநிலை எங்கே நிற்கும் என்று நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். இவர்களுடைய 'வேர்ல்ட் கிளைமேட்' விளையாட்டில் பிள்ளைகள் நாடுகளின் குழுக்களாகப் பிரிந்து பேரம் பேசுவார்கள். பணக்கார நாடுகளுக்கு மேசை நாற்காலி, ஏழை நாடுகளுக்குத் தரை. தரையில் உட்கார்ந்தவர்கள் பத்து நிமிடத்தில் எரிச்சலடைவார்கள். காலநிலை நீதி என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

உள்ளூர் அளவுக்கு, ஒரு போலி உள்ளாட்சிக் கூட்டம். ஒரே தொகை, அதைக் கேட்டு நான்கு கோரிக்கைகள்: கூரை, சாலை, வடிகால், விளையாட்டு மைதானம். தலைவர், நிதி அலுவலர், கடைக்காரர்கள் சார்பில் ஒருவர், முதியோர் சார்பில் ஒருவர் என்று பாத்திரங்களைக் கொடுங்கள். கூரையை விரும்புகிற பிள்ளைக்குக் கூரையை எதிர்க்கும் பாத்திரம் கொடுப்பது என் வழக்கம். ஒருமுறை, அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத ஒரு பையனைத் தலைவர் நாற்காலியில் உட்காரவைத்தேன். மணியை அடித்து, "உங்க நேரம் முடிஞ்சுது, உட்காருங்க மேடம்" என்று குழுவின் வாயாடியை அவன் உட்காரவைத்ததும் அறையே குலுங்கியது. அதற்குப் பிறகு அவன் எல்லாச் சந்திப்பிலும் பேசினான்.

ஆட்டம் ஒரு மணி நேரம் என்றால் அதைப் பற்றிய பேச்சுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். நேரம் போதவில்லை என்றால் ஆட்டத்தை வெட்டுங்கள், பேச்சை வெட்டாதீர்கள்.

ஆறாம் படி: ஒரே ஒரு கோரிக்கை, நிஜ மேசை

"காலநிலையைக் காப்பாற்றுங்கள்" என்று மனு கொடுத்தால் எல்லாரும் தலையாட்டுவார்கள், எதுவும் நடக்காது. "இந்த நிறுத்தத்துக்கு அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் நிழற்கூரை வேண்டும், பக்கத்தில் நான்கு மரம் வேண்டும்" என்று கொடுத்தால் ஆம் அல்லது இல்லை என்று ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். கோரிக்கையை இப்படிச் சோதியுங்கள்: இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு மனிதரின் பதவிப் பெயர் நமக்குத் தெரியுமா? நடந்ததா, நடக்கவில்லையா என்று ஆறு மாதம் கழித்துக் கண்ணால் பார்க்க முடியுமா? இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் இன்னும் சுருக்குங்கள்.

அடுத்தது மூன்று நிமிடப் பேச்சு. பார்த்தது ஒரு நிமிடம், அளந்தது ஒரு நிமிடம், கேட்பது ஒரு நிமிடம். இரண்டு பேர் பேசலாம், மற்றவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லலாம். கூட்டத்துக்கு முந்தின வாரம் அந்த அறையை, முடிந்தால் ஒரு கூட்டத்தையே, சும்மா போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மைக் எங்கே இருக்கிறது, யார் எங்கே உட்காருவார்கள் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். உங்கள் நாட்டில் தகவல் கேட்கும் சட்டம் இருந்தால், முன்கூட்டியே ஒரு விண்ணப்பம் போட்டுக் கடந்த ஆண்டுகளின் செலவு விவரத்தை வாங்கிவையுங்கள். அரசாங்கத்தின் எண்ணை அரசாங்கத்திடமே காட்டிப் பேசுவது தனி தைரியம் தரும்.

"ஓட்டு இல்லாத பிள்ளைகள் பேசி என்ன ஆகப்போகிறது?" என்று யாராவது கேட்பார்கள். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அதற்குரிய மதிப்பைப் பெறவும் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது 1989-ன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-வது பிரிவு. ஆஸ்திரியா 2007-லேயே 16 வயதில் ஓட்டுரிமை கொடுத்துவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014-ல் பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதில் செலவிடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பை நகரத்து இளைஞர்களிடமே விட்டது.

பதில் வராத நாட்கள்

வரவேற்பு நன்றாக இருக்கும். கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள். அப்புறம் ஒரு மாதம் ஒன்றும் நடக்காது. குழு கலைவது இந்த மாதத்தில்தான். எனவே பேசிவிட்டு வந்த அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்: இரண்டு வாரத்தில் நினைவூட்டல் கடிதம், நான்கு வாரத்தில் போன், எட்டு வாரத்தில் மறுபடி நேரில். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பு.

காலம் எவ்வளவு பிடிக்கும் என்று காட்ட இரண்டு கதைகளை நான் சொல்வதுண்டு. 2019-ல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர், காலநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கருத்துக் கேட்க வேண்டும் என்று கிளம்பினார்கள். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அரசு அதை எடுத்துக்கொண்டது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் தன் கருத்தை ஒருமனதாக வெளியிட்டது: காலநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று. ஆறு வருடம். இன்னொன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில். தூய்மையான, நலமான சுற்றுச்சூழலுக்கான உரிமை அந்த மாநிலத்தின் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. அதைக் காட்டி 16 இளையவர்கள் 2020-ல் வழக்குப் போட்டார்கள். 2023 ஆகஸ்டில் வென்றார்கள். 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்குப் போட்டபோது அவர்களில் சிலர் பள்ளிக்குப் போகிற வயதுகூட ஆகாத குழந்தைகள்.

பஸ் நிறுத்தக் கூரைக்கு அவ்வளவு நாள் ஆகாது என்று நம்புவோம்.

"இல்லை" என்று பதில் வந்தாலும் நான்காம் படியின் சார்ட்டுக்குத் திரும்புங்கள். யார் சொன்னது? என்ன காரணம்? பணமா, நிலமா, விருப்பமின்மையா? பணமென்றால் அடுத்த திட்டக்காலம், நிலமென்றால் வேறு துறை, விருப்பமின்மை என்றால் இன்னும் அதிகப் பேர் தேவை. கோல்ப் சொன்ன சுழற்சியின் இரண்டாவது சுற்று அங்கே தொடங்குகிறது.

நாம் கெடுக்கும் இடங்கள்

ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992-ல் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபுக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக வரைந்தார். கீழே இருக்கும் மூன்று படிகள் பங்கேற்பே இல்லை என்றார்: பிள்ளைகளைக் கருவியாக்குவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குச் சேர்ப்பது. விழாவில் வாசகம் அச்சிட்ட சட்டையோடு வரிசையாக நிற்கும் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். என்ன வாசகம் என்று அவர்களைக் கேட்டால் குனிந்து தங்கள் சட்டையைப் பார்ப்பார்கள்.

நானும் அந்தக் கீழ்ப்படியில் நின்றிருக்கிறேன். முதல் குழுவின் மூன்று நிமிடப் பேச்சை ராத்திரியோடு ராத்திரியாக நானே "கொஞ்சம் திருத்தி"க் கொடுத்தேன். மேடையில் ஒரு பெண் அதை அழகாக வாசித்தாள். உள்ளாட்சி உறுப்பினர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். தாளில் இருந்த சொல்லுக்கே அவளுக்கு அர்த்தம் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்புறம் நான் யாருடைய பேச்சையும் தொட்டதில்லை. தப்பும் தவறுமாக இருந்தாலும் அவர்கள் எழுதியதையே அவர்கள் பேசட்டும். நீங்கள் எண்களை மட்டும் சரிபாருங்கள்.

இன்னும் சில. படம் எடுக்க மட்டும் கூப்பிடும் நிகழ்ச்சிகளுக்கு மறுத்துவிடலாம். போவதா என்று குழுவே ஓட்டெடுத்து முடிவு செய்யட்டும். ஒருவரை நட்சத்திரமாக்காதீர்கள், பேசுபவர் ஒவ்வொரு முறையும் மாறட்டும். 2018 ஆகஸ்டில் ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே காலநிலைக்காகத் தனியாக உட்கார்ந்த கிரெட்டா துன்பெரியைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் அந்த உயரம்தான் அளவுகோல் என்று ஆகிவிட்டால் பாதிப் பேர் மனதுக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

சுற்று முடிந்ததும் எது பயன்பட்டது என்று பார்க்கப் பரீட்சை வைக்க வேண்டாம். முதல் நாளும் கடைசி நாளும் ஒரே வெற்றுத்தாளைக் கொடுத்து, "இந்த இடத்தைப் பற்றி முடிவெடுப்பது யார்? வரைந்து காட்டு" என்று சொல்லுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் தாளில் பெரும்பாலும் "அரசாங்கம்" என்று ஒரு கட்டம் மட்டும் இருக்கும்.

அப்புறம், அலுவலகத்திலிருந்து பதில் கடிதம் வந்தால் பிரிக்காமல் வையுங்கள். உறையில் உங்கள் முகவரி இருந்தாலும் சரி, சந்திப்பு நாள்வரை மேசையிலேயே கிடக்கட்டும். பிரிக்க வேண்டியவர்கள் அவர்கள்.